பொம்மை வீட்டுக்கு அளவு கேட்டேன்

1

இந்த வருடம் அம்மாவின் நினைவுப் பூசையன்று திண்டுக்கல்லிலிருந்து வீடியோ கால் வரவில்லை.

அம்மா போனதிலிருந்து அது ஒரு தடவைகூடத் தவறியதில்லை. மாலைப் பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்து இலை போடும் நேரம், இங்கே ஜெர்மனியில் பிற்பகல். ஆபீசில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி என்று போனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். அண்ணன் சவரி போனைக் கையில் பிடித்தபடி வீடு முழுக்க நடப்பான். ஒவ்வொரு முகமாக வந்து எட்டிப் பார்க்கும். "ஏலே, அங்கிட்டு இன்னும் குளுருதா?" என்று மாமா வருடா வருடம் அதே கேள்வியைக் கேட்பார். "குளுருது மாமா" என்று வருடா வருடம் நானும் அதே பதிலைச் சொல்வேன். பாதி நேரம் ஃபேன் மட்டும்தான் தெரியும். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

இந்தத் தடவையும் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். போன் கம்மென்று கிடந்தது. என் மனைவி ஸ்டெல்லா ஒன்றும் பேசாமல் டீயை வைத்துவிட்டுப் போனாள். அவள் பேசாமல் இருந்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம். இருட்டிய பிறகு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டோ போட்டிருந்தான். அம்மா படத்துக்கு மாலை, கீழே பந்தியில் எல்லாரும். தெருவில் போகிறவன் ஜன்னல் வழியாகப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டேன்.

காரணத்தை இங்கே யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். ஐம்பத்து நான்கு வயதில் நான் ஒரு பொம்மை வீடு செய்ய ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். ஊரில் இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு யார் பக்கம் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள். என் பக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன்.

2

இங்கே நான் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடுகிறவன். ஸ்டெல்லா முதியோர் இல்லத்தில் நர்ஸ், பாதி நாள் மாலை ஷிப்ட். மகள் ஷரோன் படிப்பதற்காக வேறு ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது அவள் அறையைக் காலி செய்து துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள், வாடகை வீட்டைக் காலி செய்கிறவள் மாதிரி. குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். ஆபீஸ் முடிந்து வந்தால் பேச ஆள் கிடையாது. டிவியில் ஓடுவது புரியும், ஆனால் சிரிப்பு வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் பிரிக்காத பெட்டி ஒன்று கண்ணில் பட்டது. பிளாஸ்டிக் ரயில் நிலையம். எண்பத்தேழு மடங்கு சின்னது. ஏழடிக் கதவு அதில் இரண்டரை சென்டிமீட்டர்கூட இருக்காது. பெட்டிக்குள் சட்டம் சட்டமாகப் பாகங்கள் இருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி, பிசிறு தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்துக் கட்ட வேண்டும். சின்ன வயதில் விட்டுப்போன ஆசை. வாங்கி வந்து, அன்று சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்தேன். இடுக்கியில் பிடித்த ஜன்னல் சுவரில் சரியாகப் போய் உட்கார்ந்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே, சம்பள உயர்வு வந்தபோதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதா கோயில், ஒரு பேக்கரி, ஒரு தீயணைப்பு நிலையம். ஷரோனின் அறை பட்டறையாகிவிட்டது. கீழ்வீட்டுக்காரி பெயின்ட் வாடை வருகிறது என்று புகார் கொடுத்தாள். வீட்டு நிர்வாகத்திலிருந்து கடுதாசி வந்தது, எந்தெந்தக் கிழமையில் எத்தனை மணிக்குள் எந்த மாதிரிப் பெயின்ட் அடிக்கலாம் என்று. ஞாயிற்றுக்கிழமை துளை போடக்கூடாது என்று தனிப் பத்தி. என் துளைக்கருவி பேனா பருமன். அதைச் சொல்லி ஒரு பதில் எழுதினேன். சத்தத்தின் அளவு பிரச்சினையில்லை, கிழமைதான் பிரச்சினை என்று மறுபடி கடுதாசி வந்தது.

"நாலு வீடு கட்டிட்டீக. நம்ம குடியிருக்கறது மட்டும் வாடகைக்கு" என்றாள் ஸ்டெல்லா. அவள் நத்தத்துக்காரி. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் யோசிப்பாள்.

வியாழக்கிழமைகளில் கூடும் மாடல் சங்கம் ஒன்றில் சேர்ந்தேன். எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். தலைவர் வெர்னர், டிராம் ஓட்டியவர். அவர்தான் ஒரு நாள், "ரயில் நிலையம் நாங்கள் எல்லாரும் கட்டுகிறோம், நீ உன் ஊர் வீட்டைக் கட்டேன், வசந்த காலக் கண்காட்சியில் உனக்கு ஒரு மேசை தருகிறோம்" என்றார். அதற்குப் பெட்டி எந்தக் கடையிலும் கிடைக்காது. வெறும் பிளாஸ்டிக் தகட்டை வாங்கி, நாமே வரைந்து, நாமே வெட்ட வேண்டும். என்னை மாதிரி ஆளிடம் இப்படிச் சொன்னால் போதாதா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதில் ஊர்ப்பாசம் ஒரு மண்ணும் கிடையாது. அந்த வீட்டை நினைத்து நான் அழுததில்லை. கொசு, வெக்கை, வாரத்துக்கு ஒரு நாள் குழாயில் வருகிற ஆத்தூர் அணைத் தண்ணீர், அதற்கு ராத்திரி கண்முழிப்பு, இதெல்லாம் எனக்கு மறக்கவில்லை. ஆனால் மாடல் செய்கிறவன் கண்ணுக்கு அது அருமையான வீடு. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாகச் சிலுவை வடிவத்தில் ஓட்டை விட்டிருப்பார் அப்பா. வாத்தியார் சம்பளத்தில் கட்டிய வீட்டுக்கு அது ஒன்றுதான் ஆடம்பரம். முன் வராந்தா கிரில்லில் சூரியன் உதிப்பது மாதிரி ஒரு டிசைன். பக்கச் சுவரில் துருப்பிடித்த தண்ணீர்க் குழாய், அது ஒழுகிய இடத்தில் பச்சை. இதையெல்லாம் எண்பத்தேழில் ஒன்றாகச் செய்து காட்ட வேண்டும் என்று கை அரித்தது.

ஆபீசில் காபி நேரத்தில், "நான் வீடு கட்டுகிறேன்" என்று என் ஜெர்மனில் சொல்லிவைத்தேன். ஆளாளுக்குக் கைகுலுக்கினார்கள். ஒருத்தன் எந்த பேங்க், எத்தனை வருட லோன் என்று விசாரித்தான். இந்த அளவு என்று கையால் காட்டினேன். கொல்லென்று சிரித்தார்கள். அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன்.

3

அண்ணனுக்கு இது தெரியாத விஷயமா? அதுதான் எனக்கு ஆறவில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியம்மா மகன் ஒரு பிளேன் கிட் கொண்டு வந்து கொடுத்தார். பெட்டியில் இருந்த பசை காய்ந்து கல்லாகியிருந்தது. சோற்றுப் பசை வைத்துப் பார்த்தோம், மைதாவைக் காய்ச்சிப் பார்த்தோம், ஒன்றும் பிடிக்கவில்லை. சவரிக்கு அப்போது பதினாலு. "இருலே, நான் கொண்டாறேன்" என்று போனவன், பேகம்பூரில் பாய் வைத்திருந்த சைக்கிள் கடையிலிருந்து பஞ்சர் சொலூசனைப் பாதி ட்யூப் வாங்கி வந்தான். தடவினோம். ஒட்டியது. ஆனால் ஒட்டிய இடமெல்லாம் இளகி, இடது ரெக்கை மெழுகு மாதிரி வளைந்துபோனது. நான் ஓவென்று அழுதேன். அவன் கொஞ்சம்கூட அசரவில்லை. "ஏலே, சண்டையில குண்டு பட்ட பிளேன்னு சொல்லிக்குவோம்டா" என்றான். குண்டு பட்ட இடம் என்று கரியைத் தேய்த்துவிட்டான். தெருப் பையன்கள் எல்லாரும் நம்பினார்கள்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் குடிலில் அந்த பிளேனை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டதும் அவன்தான். பெத்லகேமுக்கு மேல் போர் விமானம் எதற்கு என்று பங்குச் சாமியார் கேட்டதற்கு, "மூணு ஞானிகளும் அவசரமா வரணும்ல பாதர்" என்றான். வீடே சிரித்தது. அப்படிப்பட்ட அண்ணன் அவன். எனக்குப் பொம்மைமேல் இருக்கும் கிறுக்கு இந்த உலகத்தில் ஒருத்தனுக்குத் தெரியும் என்றால் அது சவரிக்குத்தான்.

4

நான் அனுப்பிய செய்தியை அப்படியே கீழே தருகிறேன். இன்றும் போனில் இருக்கிறது.

"அண்ணே, நேரம் கிடைக்கும்போது நம்ம வீட்டை டேப் வைத்து அளந்து அனுப்பு. முன்பக்க அகலம், உள்நீளம், சுவர் கனம், மாடிக் கைப்பிடிச் சுவர் உயரம், பின்பக்கம் காம்பவுண்டு வரை எவ்வளவு. வடக்குச் சுவர் நமக்கு மட்டுமா, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்தா என்றும் சொல். நாலு பக்கமும் போட்டோ. அவசரமில்லை, மாதக் கடைசிக்குள் கிடைத்தால் நல்லது."

எதற்கு என்று எழுதவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஒன்று கண்காட்சிக்கு, இன்னொன்று அவனுக்கு என்று இரண்டாகச் செய்து, சொல்லாமல் பார்சலில் அனுப்ப வேண்டும், பிரித்துப் பார்த்துவிட்டு அவன் "ஏலே!" என்று கத்த வேண்டும், அதை நான் போனில் கேட்க வேண்டும் என்று ஒரு ஆசை. வடக்குச் சுவரைக் கேட்டதற்குக் காரணம், பொதுச் சுவர் என்றால் அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிடலாம், பெயின்ட் வேலை மிச்சம். இதற்கு மேல் என் புத்தியில் ஒன்றும் இல்லை.

நம் ஊரில் குடியிருக்கிற வீட்டுக்குள், அதுவும் அப்பா அம்மா இரண்டு பேரும் கண் மூடிய பிறகு, டேப் வந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. பாகம் பிரிக்கப் போகிறார்கள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். திண்டுக்கல்லில் இருந்தபோது நன்றாகத் தெரிந்த விஷயம். இருபத்தாறு வருடத்தில் மறந்து தொலைத்துவிட்டேன். இங்கே எதற்கெடுத்தாலும் அளப்பார்கள். நாற்காலி வாங்கக்கூட அறையை அளப்பார்கள். அந்தப் பழக்கத்தில் கைபோன போக்கில் எழுதிவிட்டேன்.

நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. வேலையாக இருப்பான் என்று நினைத்தேன். அடுத்த வாரம் மதினி கூப்பிட்டார். அண்ணன் மனைவி எனக்குத் தானாகப் போன் செய்வது அபூர்வம்.

"தம்பி, நல்லாருக்கீகளா? ஸ்டெல்லா நல்லாருக்காளா? எதுவானாலும் நேர்ல ஒக்காந்து பேசிக்கிருவோம் தம்பி. போன்ல எழுதி அனுப்புறதெல்லாம் நமக்குள்ள எதுக்கு?"

"எது மதினி?"

"ஒண்ணுமில்ல, விடுங்க. ஒங்க அண்ணனுக்கு ரெண்டு நாளா பிரஷரு."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை பாருங்கள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று புத்திமதி சொல்லிவிட்டு வைத்தேன். மறுநாள் மாமா கூப்பிட்டார். அம்மாவின் தம்பி. குடும்பத்தில் எந்தச் சிக்கலுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்காருகிறவர்.

"ஏம்ப்பா, வீட்டுக்கு டேப்பு புடிக்கச் சொன்னியாமே?"

அப்போதுதான் உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டேன். பொம்மை வீடு, கண்காட்சி, வெர்னர் கொடுத்த மேசை என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். மாமா கடைசி வரை கேட்டார்.

"பொம்ம வீடு" என்றார்.

"ஆமா மாமா."

"அம்புட்டுத் தொலைவுல இருந்துக்கிட்டு, பொம்ம செய்ய, வடக்குச் செவுரு யாருதுன்னு கேட்ட."

"ஆமா மாமா."

"சரிப்பா" என்றார். "ஒம் பங்க நீ கேக்குறதுல தப்பே இல்ல. அத நேரா கேளு. சுத்தி வளைக்காத."

அண்ணனுக்கு அன்றைக்கே போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அதற்கு அடுத்த வாரம்தான் அம்மாவின் பூசை.

5

பூசைக்கு மறுநாள் எடுத்தான். நான் எடுத்த எடுப்பில் கேட்டேன்.

"அண்ணே, பூசைக்கு ஏன் கூப்பிடல?"

"ஆளுக நெறயா. மறந்துருச்சு."

"மறந்துருச்சா?"

"சரி, மறக்கல. இப்ப என்னங்குற?"

"பொம்ம வீடு செய்யத்தாண்ணே அளவு கேட்டேன். மாமா சொல்லலியா?"

"சொன்னாரு. ஒம் மதினி சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல."

"ஒனக்குத் தெரியாதா என்னப் பத்தி? நீயும் நானும் சேந்து பிளேன் ஒட்டலியா?"

"ஒட்டுனோம். அப்ப ஒனக்குப் பத்து வயசு. இப்ப அம்பத்தி நாலு. எவன்டா இந்த வயசுல பொம்மைக்காக வடக்குச் செவுரு கணக்குக் கேப்பான்?"

பேசிக்கொண்டிருக்கும்போதே ரயில் நிலையம், மாதா கோயில், பேக்கரி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். அவசரத்தில் ஒன்று மங்கலாகப் போனது.

"பாத்தேன்" என்றான். "கடையில வாங்குனது கணக்கா இருக்கு."

"நான் செஞ்சதுண்ணே."

"சரி, இருக்கட்டும்."

பிறகு அவனே பேசினான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"நான் இங்கனயே கெடந்தவன். அம்மா படுக்கையில கெடந்தப்ப தூக்கிக் குளிப்பாட்டுனது நானும் ஒம் மதினியும். நீ அனுப்புன, இல்லங்கல. ஆனா அள்ளிப் போட்டது நாங்க. பையனுக்குக் கல்யாணம் கூடி வருது. மேல ரெண்டு ரூமு எடுக்கணும். வீடு ரெண்டு பேருக்கும் பொது, ஒங்கிட்ட எப்படிக் கேக்கன்னு நானும் அவளும் ஆறு மாசமா மாறி மாறி யோசிச்சுக்கிட்டு இருக்கோம். அந்த நேரம் பாத்து ஒன் லிஸ்ட்டு வருது. நான் என்னன்னு நெனப்பேன்?"

"கேட்டிருந்தா அன்னைக்கே எழுதிக் குடுத்துருப்பேனேண்ணே."

"இப்ப சொல்லுவ."

"இப்பவும் குடுக்குறேன். எனக்கு அந்த வீடு வேணாம். நீ என்ன நம்புனாப் போதும்."

"நான் ஒண்ணும் கேக்கலியே" என்றான் சவரி.

அவன் கேட்கவில்லை. அது உண்மை. அடுத்த வாரமே விடுதலைப் பத்திரத்தின் நகல் வாட்ஸ்அப்பில் வந்து இறங்கியது. எனக்குள்ள பாத்தியதையை முழு மனதுடன், யாருடைய வற்புறுத்தலும் இன்றி அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக அதில் நானே பேசியிருந்தேன். அதை எப்போது டைப் அடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. வெளிநாட்டில் இருக்கிறவன் ஊர் ஆட்களுக்கு ஒன்று கொடுக்கிறவன், இல்லையென்றால் பிடுங்குகிறவன். சும்மா, ஒரு கிறுக்குத்தனத்துக்காக, ஒரு ஆசைக்காக ஒன்றைக் கேட்கிறவனாக நான் இருக்கவே முடியாதா? கூடப் பிறந்தவனுக்கே அப்படித் தோன்றவில்லை என்றால் வேறு யாருக்குத் தோன்றும்?

6

"ஒங்களுக்கு என்ன கிறுக்கா?" என்றாள் ஸ்டெல்லா. "வேல ஓஞ்ச பெறகு வருசத்துல ரெண்டு மாசம் போயி இருக்க ஒரு ரூமு வேண்டாமா? எங்க வீட்டுல அண்ணன் தம்பி அஞ்சு பேரு. அங்க எனக்கு ஒரு கொடியில சேல காயப்போடக்கூட எடமில்ல. இருக்கது இது ஒண்ணு."

"கையெழுத்துப் போட்டாத்தான் ஸ்டெல்லா நம்புவான்."

"எழுதிக் குடுத்தாத்தான் நம்புவாகன்னா, அதுக்குப் பேரு நம்பிக்கையா?"

அவள் சொன்னது சரி. எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. நான் பொய் சொல்லவில்லை என்று சவரி ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு என்ன விலை வேண்டுமானாலும் கொடுக்கிற நிலைமையில் இருந்தேன். வீட்டில் பாதியைக் கொடுத்தால் நடக்கும் என்று தோன்றியது.

நேரில் போய்ப் பதிவு செய்ய லீவு இல்லை. அதனால் எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்குப் பவர் எழுதிக் கொடுக்க வேண்டும், அதைத் தூதரகத்தில் போய் அவர்கள் முன்னால் கையெழுத்திட வேண்டும். பவரை யார் பேரில் எழுத என்று கேட்டேன். மதினியின் தம்பி பேரில் எழுதச் சொன்னார்கள். கொடுக்கிறவன் பக்கத்து ஆளும் அவர்கள் வீட்டு ஆள், வாங்குகிறவனும் அவர்கள் வீட்டு ஆள். சிரித்துக்கொண்டேன்.

முதல் தடவை போட்டோ அளவு தவறு என்று திரும்பி வந்தேன். தவறு என்னுடையதுதான். இங்கே போட்டோ நீள வாக்கில் இருக்கும், நம்முடையது சதுரம். மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றைப் பார்த்து வெட்டுகிறவனுக்கு இது கண்ணில் படவில்லை. இரண்டாவது தடவை சாட்சிகள் வேண்டும் என்பதால் ஸ்டெல்லாவும் ஷரோனும் கூட வந்தார்கள். ஸ்டெல்லா வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள்.

ரயிலில் ஷரோன் ஜெர்மனில் கேட்டாள், நான் தமிழில் பதில் சொன்னேன். எங்கள் வீட்டில் வெகுகாலமாக அப்படித்தான். அவள் 'பெரியப்பா' என்று சொல்ல மாட்டாள், 'உன் அண்ணன்' என்பாள்.

"அந்த வீட்டில் நீ எப்போதாவது குடியிருக்கப் போகிறாயா?"

"இல்ல."

"உன் அண்ணனுக்கு அது தேவையா?"

"தேவதான்."

"அப்படியானால் சரியான காரியம்தானே செய்கிறாய்? ஏன் முகம் இப்படி இருக்கிறது?"

வரி கட்ட, டாக்டரிடம் வலி சொல்ல, கீழ்வீட்டுக்காரிக்குப் பதில் எழுத எனக்கு ஜெர்மன் இருக்கிறது. இதைச் சொல்ல இல்லை. அவளுக்குத் தெரிந்த தமிழுக்கும் இது எட்டாது. "தலவலி" என்றேன். பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். நல்ல பெண். பத்திரத்தில் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாமல், சொன்ன இடத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டாள்.

பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் சொத்து விவரம் இருந்தது. கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி, நான்கு பக்கமும் எது எல்லை, வடக்குச் சுவர் பொது என்றுகூட எழுதியிருந்தது. நான் கேட்டதில் பாதி வந்துவிட்டது. கைப்பிடிச் சுவர் உயரமும் சிலுவை ஓட்டைகளின் அளவும் மட்டும் இல்லை. பத்திரம் எழுதுகிறவருக்கு அது தேவைப்படாது.

கண்காட்சிக்கு ரயில் நிலையத்தைத்தான் வைத்தேன். உன் ஊர் வீடு எங்கே என்று வெர்னர் கேட்டார். அளவு கிடைக்கவில்லை என்றேன்.

"அரசு அலுவலகமா?" என்றார் அனுதாபத்துடன்.

"ஆமாம்" என்றேன். அவருக்கு அது உடனே புரிந்தது. முதுகில் தட்டிக்கொடுத்தார்.

7

போன வாரம் பத்திரம் பதிவானது. அன்றைக்கே வீடியோ கால் வந்தது. அண்ணன்தான். முகம் தெளிந்திருந்தது. பின்னால் செங்கலும் மணலும் வந்து இறங்கியிருந்தன.

"தம்பி, சாப்டியா?" என்றான்.

வாழ்நாளில் அவன் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. ஏலே, இல்லையென்றால் டேய், கோபம் வந்தால் எருமை. தம்பி என்பது தெருவில் வழி கேட்கிறவனைக் கூப்பிடுவது. இருந்தாலும் பேசுகிறானே என்று வாய் நிறைய, "சாப்ட்டேண்ணே" என்றேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றான். கொத்தனார் நல்ல ஆளாகக் கிடைத்திருக்கிறார், கைப்பிடிச் சுவரை இடித்துவிட்டு மேலே ஏற்றுகிறார்கள் என்றான். கல்யாணத்துக்குத் தேதி குறித்தாயிற்று, குடும்பத்தோடு கட்டாயம் வர வேண்டும் என்றான். மதினியும் வந்து எட்டிப் பார்த்து அதையே சொன்னார். பேச்சு இவ்வளவு சுமுகமாகப் போகிறதே என்ற தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"இப்பவாவது நம்புறியாண்ணே, பொம்மைக்குத்தான் கேட்டேன்னு?"

சவரி சிரித்தான். நல்ல சிரிப்புதான், வஞ்சனை இல்லாத சிரிப்பு.

"அத விடு தம்பி. அதான் முடிஞ்சு போச்சுல்ல. நமக்குள்ள இனிமே என்ன இருக்கு?"

ஸ்டெல்லா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தன பேரு வாரீக? மூணு பேருதான?" என்றான். "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல புதுசா ஒரு லாட்ஜு தெறந்துருக்கான். ஏசி, சுடுதண்ணி எல்லாம் உண்டு. ஒங்களுக்கு ரெண்டு ரூமு சொல்லி வச்சுர்றேன். வெளியூர்க்காரவுக எல்லாரையும் அங்கதான் போட்ருக்கோம்."

"சரிண்ணே" என்றேன்.